கேசட்டிலிருந்து பென்டிரைவுக்கு: எம்பி3 ஆக்கியபின் பாட்டு ஓடவில்லையா?

ஒரு மணி நேரக் கேசட்டை அப்படியே கணினியில் ஏற்றினால் வேவ் கோப்பு (ஒலியைச் சுருக்காமல் வைப்பது) 635 எம்பி வருகிறது. விநாடிக்கு 44,100 மாதிரி (ஒலி அலையை அளந்தெடுத்த புள்ளி), ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என்று இரண்டு சேனல்; பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 1,411 கிலோபிட். அதே ஒரு மணி நேரத்தை 64 கிலோபிட் மோனோ (ஒரே சேனல்) எம்பி3 ஆக்கினால் 29 எம்பிக்குள் அடங்கிவிடும். பழைய 4 ஜிபி பென்டிரைவ் ஒன்றிலேயே நூறு மணி நேரத்துக்கு மேல் பாட்டு ஏற்றலாம்.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் (திருவிழாக்களில்) பதிவு செய்த வில்லுப்பாட்டுக் கேசட்டுகளை இப்படித்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன். பயன்படுத்துவது ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். எம்பி3 ஆக்கும் வேலையை அதற்குள் இருந்து செய்வது லேம் என்ற நிரல். இரண்டையும் நிறுவுவது எளிது. நிறுவியபின் ‘ஓடவில்லை’ என்று கொண்டுவருபவர்கள்தான் அதிகம். அந்த ‘ஓடவில்லை’ என்ற ஒரு சொல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எப்படித் தெரியும், என்ன செய்ய வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் கணினி என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்தக் கோளாறானாலும் முதலில் அந்தக் கோப்பை விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் என்ன கோடெக் (ஒலி வடிவத்தைப் படிக்கும் நிரல்) இருக்கிறது, இல்லை என்பதை அது பார்ப்பதில்லை. தனக்கு வேண்டியதைத் தானே வைத்திருக்கிறது. விஎல்சியில் நன்றாக ஓடினால் நீங்கள் செய்த கோப்பு சரி, பென்டிரைவைச் செருகிப் பாட்டு ஓட்டும் பெட்டியில்தான் சிக்கல். அதிலும் ஓடவில்லை என்றால் கோப்பைச் செய்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். இந்த ஒரு சோதனை பாதி அலைச்சலை மிச்சப்படுத்தும். இணையத்தில் கிடைக்கும் ‘கோடெக் பேக்’ எதையும் இதற்காக நிறுவத் தேவையில்லை.

எம்பி3 ஆக்கப் போனால் ‘லேம்’ டிஎல்எல் கோப்பு எங்கே என்று கேட்கிறது

உங்களிடம் இருப்பது பழைய ஆடாசிட்டி. டிஎல்எல் என்பது ஒரு நிரலுக்குத் துணையாக இருக்கும் கோப்பு. எம்பி3க்குக் காப்புரிமை இருந்த காலத்தில் லேமை உள்ளேயே வைத்துக் கொடுக்க அவர்களால் முடியவில்லை. நாம்தான் தனியாக இறக்கி, அது இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டியிருந்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2017 ஏப்ரலில் எம்பி3 உரிமத் திட்டத்தை முடித்துக்கொண்டது. ஆடாசிட்டி 2.3.2 பதிப்பிலிருந்து விண்டோஸுக்கும் மேக்குக்கும் லேம் சேர்ந்தே வருகிறது. ஆகவே டிஎல்எல்லைத் தேடிப் போகாமல் ஆடாசிட்டியையே புதிதாக நிறுவிவிடுங்கள்.

இறக்கும்போது ஆடாசிட்டியின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். மற்ற இடங்களில் பெரிதாகப் பச்சை நிறத்தில் ‘டவுன்லோடு’ என்று மின்னுவது பெரும்பாலும் விளம்பரம். டிஎல்எல் மட்டும் தனியாகத் தருகிறோம் என்னும் தளங்கள் பக்கமே போக வேண்டாம்.

போனில் பதிவு செய்த கோப்பை ஆடாசிட்டி திறக்க மறுக்கிறது

எம்4ஏ, ஏஎம்ஆர், டபிள்யூஎம்ஏ இவற்றைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு நூலகம் வேண்டும். இது ஆடாசிட்டியோடு வருவதில்லை. நிறுவியபின் ‘பிரஃபரன்சஸ்’ உள்ளே ‘லைப்ரரீஸ்’ பக்கத்தில் அதன் பதிப்பு எண் தெரிகிறதா என்று பாருங்கள். நிறுவியும் தெரியவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது பிட் கணக்கை: 64 பிட் ஆடாசிட்டிக்கு 64 பிட் எஃப்எஃப்எம்பெக்தான் பொருந்தும். 32 பிட்டை இறக்கியிருந்தால் கோப்பு இருக்கும் இடத்தைக் கையால் காட்டினாலும் ஏற்காது.

பழைய பட்டன் போன்களில் பதிவான ஏஎம்ஆர் கோப்பைத் திறந்து வேவ் ஆக்கினால் தெளிவு கூடும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். கூடாது. அந்த ஒலி விநாடிக்கு 8,000 மாதிரியில் பதிவானது. அப்போது விட்டுப்போனது போனதுதான். ஆனாலும் இறந்துபோனவர் குரல் அதில் மட்டுமே இருக்கலாம். அந்த மூலக் கோப்பை அழிக்காமல் தனியாக ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சேவ் செய்தேன், ஆனால் எந்த பிளேயரிலும் ஓடவில்லை

கோப்பின் பெயர் ‘ஏயுபி3’ என்று முடிகிறதா? அது பாட்டு அல்ல. ஆடாசிட்டி தன் வேலையை நடுவில் நிறுத்தி வைத்துக்கொள்ளும் திட்டக் கோப்பு. ‘சேவ் பிராஜெக்ட்’ கொடுத்தால் அதுதான் வரும். பாட்டாக வெளியே எடுக்க ‘ஃபைல்’ மெனுவில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து, வடிவம் எம்பி3 என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் வருந்த வைக்கும் நிலை ஒன்று உண்டு. 2021இல் 3.0 பதிப்பு வரும்வரை திட்டம் ஒரே கோப்பாக இல்லை. ‘ஏயுபி’ என்று ஒரு சிறு கோப்பும், அதே பெயரில் ‘டேட்டா’ என்று முடியும் ஒரு ஃபோல்டரும் இருக்கும். ஒலி முழுவதும் அந்த ஃபோல்டருக்குள்தான். சிறு கோப்பை மட்டும் மெயிலில் அனுப்பிவிட்டு, ஃபோல்டரைக் குப்பை என்று நினைத்து அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபோல்டர் இல்லாத ‘ஏயுபி’ கோப்பில் ஒரு விநாடிகூட ஒலி கிடையாது. பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன் அந்த ஃபோல்டர்களைத் தேடுங்கள்.

பெயரை எம்பி3 என்று மாற்றிவிட்டேன், அளவு குறையவே இல்லை

பெயரின் கடைசி மூன்று எழுத்தை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. சில பிளேயர்கள் உள்ளே எட்டிப் பார்த்து ஓட்டிவிடும், அதனால் வேலை முடிந்ததென்று நினைத்துவிடுவோம். ஒரு நிமிடப் பாட்டு 10 எம்பி இருக்கிறதென்றால் அது வேவ்தான், பெயர் எதுவானாலும்.

‘கம்ப்ரஸர்’ போட்டேன், அப்போதும் அளவு அப்படியே இருக்கிறது

சொல் ஒன்று, வேலை வேறு. ‘எஃபெக்ட்’ மெனுவில் இருக்கும் கம்ப்ரஸர் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது. மெல்லிய குரலையும் உரத்த குரலையும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக்கும். கோப்பின் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அளவு குறைவது எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டுமே. தெரியாமல் போட்டுவிட்டால் உடனே ‘அன்டூ’ கொடுங்கள். இல்லையென்றால் பாட்டின் இடைவெளிகளில் டேப் இரைச்சல் மேலே எழும்பிவிடும்.

எம்பி3 தான், ஆனாலும் பெரிதாக இருக்கிறது

எக்ஸ்போர்ட் பெட்டியில் பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை கிலோபிட் என்பதை, பாருங்கள். 320 என்று இருந்தால் ஒரு மணி நேரம் 144 எம்பி. 128 என்றால் 58 எம்பி. ஒரே மைக்கில் பிடித்த கேசட்டுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. மோனோவாக்கி 64 கொடுத்தால் 29 எம்பி. இன்னும் சுருங்க வேண்டும், கேட்பது போனில் மட்டும்தான் என்றால் ஓபஸ் வடிவத்தைப் பாருங்கள். 2012இல் தரமாக அறிவிக்கப்பட்டது. வாட்ஸ்அப் குரல் செய்தி வருவது அதில்தான். பேச்சுக்கு 24 கிலோபிட்டே போதும், மணிக்கு 11 எம்பி. ஆனால் பென்டிரைவ் பெட்டிகளும் பழைய கார் ஸ்டீரியோக்களும் பெரும்பாலும் ஓபஸைத் தொடாது. வயதானவர்களுக்குக் கொடுப்பதென்றால் எம்பி3யை விட்டு நகராதீர்கள்.

64இல் இருக்கும் எம்பி3யை 192 ஆக மாற்றினால் தரம் ஏறாது, அளவு மட்டும் ஏறும். மறுபடி மறுபடி மாற்றினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். மாற்றுவது எப்போதும் வேவிலிருந்து.

கணினியில் பாடுகிறது, பென்டிரைவ் பெட்டியில் பாட்டே தெரியவில்லை

பென்டிரைவைக் கணினியில் போட்டு ‘பிராப்பர்டீஸ்’ திறந்து, ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) என்ன என்று பாருங்கள். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்றால் காரணம் அதுவே. மலிவான பெட்டிகளும் பல கார் ஸ்டீரியோக்களும் ஃபேட்32 மட்டும்தான் படிக்கும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். 64 ஜிபி டிரைவுக்கு விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி அந்தத் தேர்வைக் காட்டாமல் போகலாம். இந்த வேலைக்கு 8 அல்லது 16 ஜிபி போதும், அதையே வாங்குங்கள்.

ஃபேட்32 ஆக இருந்தும் தெரியவில்லை என்றால் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் சுருக்கமாக வையுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வேண்டாம். மாதிரி வேகம் 44,100, பிட்ரேட் ‘கான்ஸ்டன்ட்’ (கடைசிவரை ஒரே அளவு). இந்தக் கூட்டணியை ஏற்காத எம்பி3 பெட்டி ஒன்றுகூட இதுவரை என் கைக்கு வந்ததில்லை.

இரைச்சல் கேட்கிறது, குரலைக் காணோம்

இதை நிதானமாக எழுத வேண்டும். கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

ஆச்சி கேட்பதற்காக ஒரு கொடைக் கேசட்டை மாற்றினேன். ஹெட்போனில் வேவ் கோப்பு நன்றாகவே கேட்டது. அளவு குறைய மோனோவாக்கி, 64இல் எம்பி3 எடுத்து, பென்டிரைவில் போட்டு ஆச்சியின் கட்டிலருகே இருக்கும் பெட்டியில் செருகிவிட்டு வந்தேன். மறுநாள் ஆச்சி கூப்பிட்டுச் சொன்னாள்: “ஏலே, மழை பெய்யுத மாதிரி இரைச்சல்தான் கேக்கு. பாட்டைக் காணோமே.”

போய்க் காதை வைத்துக் கேட்டேன். உஸ்ஸென்ற டேப் இரைச்சல் தெளிவாக இருந்தது. அதற்குப் பின்னால் எங்கோ தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, வில்லுப்பாட்டுப் பாடும் புலவர் குரலின் நிழல் மட்டும். பிட்ரேட் குறைந்ததால் வந்த வினை என்று நினைத்து 128 ஆக்கினேன். அதே கதை. லேமைச் சந்தேகித்து ஆடாசிட்டியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். அதே கதை. கடைசியில் மோனோவாக்கிய அலைவடிவத்தைத் திரையில் பார்த்தபோதுதான் புரிந்தது. ஸ்டீரியோவில் கொழுத்து நின்ற அலை, மோனோவில் நூலாய் இளைத்திருந்தது.

காரணம் டேப் டெக்கில் இருந்தது. டேப்பைப் படிக்கும் ஹெட்டை மாற்றியபோது ஒரு பக்கச் சுருளின் இரண்டு வயர்களும் இடம் மாறிச் சேர்ந்திருந்தன. அதனால் இடப்பக்க அலை மேலே ஏறும்போது வலப்பக்க அலை கீழே இறங்குகிறது. தனித்தனிக் காதில் கேட்டால் பெரிதாகத் தெரியாது. மோனோவாக்கும்போது இரண்டையும் கூட்டிப் பாதியாக்குகிறோம். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒரே மைக்கில் பிடித்த குரல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் அது முழுதாகப் போகிறது. டேப்பின் இரைச்சல் இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று என்று தனித்தனியானது. அதனால் அது அழியாமல் தங்கிவிடுகிறது. ஆச்சி கேட்ட மழைச் சத்தம் அதுதான்.

சரி செய்ய ஒரு நிமிடம் போதும். டிராக்கின் பெயரைச் சொடுக்கி ஸ்டீரியோவை இரண்டாகப் பிரியுங்கள். கீழ் டிராக்கை மட்டும் தேர்ந்தெடுத்து ‘எஃபெக்ட்’ மெனுவில் ‘இன்வெர்ட்’ கொடுங்கள். பிறகு இரண்டையும் மோனோவாகக் கலந்தால் குரல் திரும்பி வந்துவிடும். இரைச்சலும் முன்பைவிடத் தாழ்ந்து நிற்கும், ஏனென்றால் இப்போது குரல் கூடுகிறது, இரைச்சல் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. வேவ் கோப்பை நான் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. மோனோ எம்பி3 மட்டும் மிஞ்சியிருந்தால் அந்தக் குரலை எந்த மென்பொருளாலும் மீட்டிருக்க முடியாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கேசட்டிலும் முதலில் ஒரு நிமிடத்தை மட்டும் மோனோவாக்கி, அது ஓடப்போகும் பெட்டியிலேயே போட்டுக் கேட்டுவிட்டுத்தான் மிச்சத்தை மாற்றுகிறேன்.

குரல் கீச்சுக் கீச்சென்று வேகமாக ஓடுகிறது

அளவைக் குறைக்க மாதிரி வேகத்தை 22,050 ஆக்கியிருப்பீர்கள். சில பெட்டிகள் எல்லாவற்றையும் 44,100 என்றே நினைத்து ஓட்டும். அப்போது பாட்டு இரட்டிப்பு வேகத்தில், சுருதி ஒரு ஸ்தாயி ஏறிக் கேட்கும். எக்ஸ்போர்ட்டில் 44,100 வைத்து மறுபடி எடுங்கள்.

குடமும் ஜால்ராவும் குழைந்து, தண்ணீருக்குள் அடிப்பதுபோல் இருக்கிறது

பேச்சுக்குப் பொருந்தும் பிட்ரேட் தாளத்துக்குப் பொருந்தாது. வில்லுப்பாட்டில் இது உடனே காதில் படும், ஏனென்றால் வில்லில் கட்டிய மணி, வீசுகோல் அடி, உடுக்கை, குடம், ஜால்ரா எல்லாம் பட்டென்று தொடங்கும் ஒலிகள்.

எம்பி3 செய்வது இதுதான்: ஒலியைச் சிறு சிறு துண்டாக எடுக்கிறது. 44,100 வேகத்தில் ஒரு துண்டு 576 மாதிரி, அதாவது ஏறக்குறைய 13 மில்லிவிநாடி. அந்தத் துண்டுக்குள் எந்தச் சுருதிகளைக் காது கவனிக்காதோ அவற்றைக் கரடுமுரடாக எழுதி இடம் மிச்சம் பிடிக்கிறது. அப்படி எழுதும்போது வரும் பிழை துண்டு முழுக்கப் பரவும். ஒரே சீராக நீளும் குரலில் அது மறைந்துவிடும். துண்டின் நடுவில் ஜால்ரா விழுந்தால் மறையாது; அடிக்கு முன்னால் இருக்கும் அமைதிக்குள்ளும் பிழை கசிந்து, அடி விழுமுன்பே ஒரு ‘ஷ்’ எழும். ஐரோப்பியப் பொறியாளர்கள் இதைச் சோதிக்க ஸ்பானியக் கட்டைத் தாளமான காஸ்டனெட்டை வைத்துப் பார்ப்பார்கள். நமக்கு ஜால்ரா போதும்.

லேம் இதைக் கண்டுகொண்டு அந்த இடத்தில் துண்டை மூன்றாகச் சிறிதாக்கிக்கொள்ளும். அதற்குக் கூடுதல் பிட் வேண்டும்; 48, 56 என்று இறுக்கிப் பிடித்தால் அதற்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. ஆகவே கதை சொல்லும் பகுதிக்கு மோனோ 64, தாளம் ஓங்கும் பகுதிக்கு மோனோ 96 வைக்கிறேன். ஒரே கோப்பு என்றால் முழுதும் 96. மணிக்கு 43 எம்பி. அது ஒரு பெரிய விலை இல்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: டேப் இரைச்சலும் பிட்டைத் தின்கிறது. இரைச்சலில் ஒழுங்கே கிடையாது, ஒழுங்கில்லாததைச் சுருக்குவதுதான் கடினம். முதலில் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ லேசாகப் போட்டுவிட்டு எம்பி3 எடுத்தால் அதே 64இல் குரல் தெளியும். பாட்டு தொடங்குமுன் உள்ள வெறும் இரைச்சலை இரண்டு விநாடி தேர்ந்தெடுத்து ‘நாய்ஸ் புரொஃபைல்’ எடுங்கள், பிறகு முழுப் பாட்டுக்கும் 6 டெசிபெல் கொடுங்கள். 20, 24 என்று ஏற்றினால் இரைச்சல் போய்விடும், கூடவே ‘ச’கரமும் ‘ஷ’கரமும் போய்விடும், புலவர் பல்லில்லாமல் பேசுவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும். கேசட்டைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது தொந்தரவே இல்லை.

உரத்த இடங்களில் கரகரக்கிறது

அலையின் உச்சி 0 டெசிபெல்லைத் தொட்டு நிற்கும் கோப்பை எம்பி3 ஆக்கினால், உருவம் சற்றே மாறுவதால் உச்சி மேலே போய் வெட்டுப்படும். எக்ஸ்போர்ட்டுக்கு முன் ‘நார்மலைஸ்’ கொடுத்து உச்சியை மைனஸ் 2இல் வையுங்கள். கரகரப்பு வேவிலேயே இருக்கிறதென்றால் கேசட்டைப் பதியும்போதே அளவு மீறியிருக்கிறது. குறைத்து வைத்து மறுபடி ஓட்டிப் பதிவதைத் தவிர வழியில்லை.

நேரம் தப்பாகக் காட்டுகிறது, நடுவில் தள்ளினால் எங்கோ போகிறது

பிட்ரேட் ‘வேரியபிள்’ ஆக இருக்கிறது. முதல் சில விநாடியின் வேகத்தை வைத்து மொத்த நேரத்தைக் கணக்கிடும் பெட்டிகள் ஏமாந்துவிடும். ‘கான்ஸ்டன்ட்’ கொடுத்து எடுங்கள்.

தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாக வருகிறது

பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லை. கோப்பை எத்தனை தடவை மாற்றினாலும் அந்தத் திரையில் தமிழ் வராது. ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். கணினியிலேயே பெயர் புரியாத குறிகளாகத் தெரிகிறதென்றால் அது வேறு. 2000 வாக்கில் எரித்த சிடிகளில் பெயர்கள் யூனிகோடில் இல்லாமல் திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் இருக்கும். அதை நகலெடுத்து ஓர் எழுத்துரு மாற்றியில் போட்டால் தமிழாகிவிடும். அந்தப் பெயர்களை அழித்துவிட வேண்டாம். எந்த ஊர்க் கொடை, எந்த வருஷம் என்பது பல நேரம் அதில் மட்டும்தான் இருக்கிறது.

பாட்டு வரிசை மாறி ஓடுகிறது

வில்லுப்பாட்டில் காப்பு என்ற வணக்கப் பாட்டு முதலில், வாழி என்ற வாழ்த்துப் பாட்டு கடைசியில். ஆச்சி பெட்டியில் ஒரு நாள் வாழி பாடி முடித்துவிட்டுத்தான் காப்பு தொடங்கியது. கோப்புகளுக்கு 01, 02 என்று எண் வைத்திருந்தும் இப்படி. இந்த மாதிரிப் பெட்டிகள் பெயரைப் பார்ப்பதில்லை. பென்டிரைவில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் ஓட்டும். நடுவில் ஒன்றை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால், அழிந்ததன் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். பென்டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே பிடியாக இழுத்துப் போடாமல், 01இலிருந்து ஒவ்வொன்றாக நகலெடுத்தேன். அன்று சாயங்காலம் காப்பு முதலில் வந்தது.